கத்தி பிடிக்க அனுமதி

என் மச்சினன் மூன்று வருடம் சிறையில் இருந்ததற்குக் காரணம் என் தோள். சீட்டாட்டத்தில் நான் ஏமாற்றினேன் என்று சொல்லி, பழம் நறுக்கும் கத்தியை அங்கே இறக்கிவிட்டான். நான் ஏமாற்றவில்லை, இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

உள்ளே போனவன் முடிதிருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தான். வேலை படு சுத்தம். ஆனால் லைசென்ஸ் இல்லாதவனை எந்தக் கடையிலும் சேர்க்க மாட்டார்கள். தேர்வுக்கு, முகம் மழித்துக் காட்ட ஓர் ஆளையும் கூட்டிப் போக வேண்டும். தெருவில் ஒருவனும் கழுத்தைக் கொடுக்க முன்வரவில்லை. என் மனைவி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கத்தியே தேவலை.

தேர்வு அறையில் அதிகாரி அம்மா அவன் விண்ணப்பத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“கத்திக்குத்து கேஸ்ல உள்ள போய்ட்டு, கத்தி பிடிக்க லைசென்ஸ் கேக்குறீங்க. எனக்கு மனசு வரல. சரி, செஞ்சு காட்டுங்க.”

வெதுவெதுப்பான நுரை, பதமான கை. நான் தூங்கியே போய்விட்டேன்.

மணிச் சத்தத்தில் விழித்தேன். அலுவலகத்தின் சாப்பாட்டு மணி. என் பாதி முகம் நுரையோடு கிடக்க, இவன் கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்கிறான். சிறையில் மணி அடித்தால் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“டேய், மீதி மூஞ்சிய என் மாமனாரா வந்து வழிப்பாரு?”

அதிகாரி அம்மா என்னிடம் வந்தார். “இப்படி அசந்து தூங்குறீங்களே, இவர் யாரக் குத்துனாருன்னு தெரியுமா?”

“என்னத்தான்” என்று தோளைக் காட்டினேன்.

“அப்புறமும் கழுத்தக் குடுத்தீங்களா?”

“மணி அடிச்சா கத்திய வச்சிடுறான் பாருங்க மேடம். அன்னிக்கு எங்க வீட்ல மணி அடிக்க ஆள் இல்ல, அவ்ளோதான். ரொம்ப நல்ல பையன்.”

அவனை நல்ல பையன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதிகாரி அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, “மீதிய முடிங்க. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் நான் சாப்பிடப் போறேன்” என்றார்.

அவன் திரும்பினான். கண்ணெல்லாம் தண்ணீர். “மாமா...” என்றபடி கத்தியை எடுத்தான். அன்றைக்கு அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

“மாப்ள, மொதல்ல கண்ணத் தொடைடா” என்றேன்.