பின்னாலேயே வந்த குன்று

2022 பிப்ரவரியில், புதுக்கோட்டை சாலையில் மாத்தூருக்கு அப்பால் ஒரு கல்குவாரியின் ஓரமாக நின்றிருந்த குன்று, லூர்துராணி டீச்சரின் குடும்பத்தைப் பின்தொடர்ந்து எடமலைப்பட்டி புதூருக்கு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்பி, புதன்கிழமை காலையில் வந்தது. விமான நிலையத்தருகே மட்டும் விமானங்கள் இறங்கும்வரை ஒதுங்கி நின்றதாக அந்தப் பக்கத்து டீக்கடைக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு மாடி உயரம், உச்சியில் ஒரு ஆலங்கன்று. டீச்சர் வீட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் அது பாந்தமாகப் பொருந்தியது.

லூர்துராணி முப்பத்தோரு வருடம் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பிரவீன்ராஜும் மருமகளும் துவாக்குடியில் ஷிப்ட் வேலை பார்த்ததால், ஞாயிறு பூசை முடிந்ததும் பேத்தி பிரான்சியையும் பேரன் டோமினிக்கையும் பஸ் ஏற்றி ஏதாவது ஒரு பாறைக்கோ ஆற்றுக்கோ அழைத்துப் போவார். கழுத்தில் பழைய விசில் தொங்கும். கணவர் கிளமென்டுக்கு உயரம் என்றால் தலைசுற்றும். அவர் எலுமிச்சைச் சாதத் தூக்கோடு அடிவாரத்தில் நின்றுகொள்வார். குவாரி ஓரத்தில் ஒருகாலத்தில் நான்கு குன்றுகள் இருந்தன. மூன்று ஜல்லியாகிவிட்டன. நான்காவதில் ஏறி இறங்கியபோது ஆறு வயது டோமினிக் அதைத் தட்டிக்கொடுத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லியிருந்தான். அவன் திரும்பி வரும்வரை காத்திருக்கும் நிலையில் குன்று இல்லை. அதனால் அதுவே வந்துவிட்டது என்பது கிளமென்டின் கருத்து. தெருவில் யாரும் அதை மறுக்கவில்லை.

முதல் வாரம் செல்போனில் சிக்னல் கிடைக்கவில்லை என்று புகார் எழுந்தது. மார்ச் வெயிலில் நிழல் விழத் தொடங்கியதும் புகார் நின்றது. பிள்ளைகள் பள்ளிவிட்டு நேராகக் குன்றுக்கு வந்தார்கள். கிளமென்டும் பறந்துபோன ஒரு துண்டை எடுக்க ஏறி, உச்சிவரை போய், தலைசுற்றாமல் இறங்கினார். தான் ஏறும்போது அது தோளைத் தாழ்த்துவதாக மனைவியிடம் சொன்னார்.

மே மாதம் குவாரியின் குத்தகைக்காரர் தைரியராஜ் இரண்டு லாரிகளோடும் துளைபோடும் மெஷினோடும் வந்தார்.

"இது என் லீஸ்ல இருக்கிற கல்லுங்க. பேப்பர் இருக்கு."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "இதுல மாத்தூர்னு போட்டிருக்கு. இது புதூர்."

"கல்லு எங்க இருந்தாலும் என் கல்லுதானே டீச்சர்?"

"கூப்பிட்டுப் பாருங்க. வந்தா கூட்டிட்டுப் போங்க."

மாடிகளில் தெருவே நின்று பார்த்தது. தைரியராஜ் தொண்டையைச் செருமி, "வா" என்றார். பிறகு கொஞ்சம் சத்தமாக, "வா, போலாம்" என்றார். குன்று அசையவில்லை. முகம் சிவந்துபோய், திங்கட்கிழமை வெடி வைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டோமினிக் சாப்பிட மறுத்தான். பாறையில் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தவனை மருமகள்தான் தூக்கி வரவேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் பத்து வயது பிரான்சி கேட்டாள்: "அப்பாயி, யாரோட லீஸும் இல்லாத இடம் எங்க இருக்கு?"

கிளமென்ட்தான் சொன்னார், "கொள்ளிடம். அங்க மணலுக்குத்தான் ஆள் வருவாங்க. கல்லுக்கு யாரும் வர மாட்டாங்க."

ஞாயிறு விடிந்ததும் பூசைக்குக்கூடப் போகாமல் கிளம்பினார்கள். முன்னால் விசிலோடு டீச்சர், அடுத்து பிள்ளைகள், பின்னால் தூக்கோடு கிளமென்ட், அவருக்கும் பின்னால் குன்று. நேராகப் பார்த்தால் அது நகர்வதில்லை. பார்ப்பவர்கள் கண் சிமிட்டும் இடைவெளிகளில்தான் வந்தது. தென்னூரில் மின்கம்பிகளுக்குக் குனிந்து கொடுத்தது. போக்குவரத்துக் காவலர் டவுன் பஸ்களை நிறுத்தி வழிவிட்டார்.

காவிரிக் கரையில், வறண்ட படுகைக்குள் இறங்கும் சரிவை மறித்துக்கொண்டு, சேதி கேட்டு முந்தி வந்துவிட்ட தைரியராஜின் லாரி குறுக்கே நின்றது. டீச்சர் விசில் ஊதினார். டிரைவர் நகர்த்தவில்லை. டோமினிக் விடுவிடுவென்று தைரியராஜிடம் போய், "அங்கிள், அதுக்குப் பயமா இருக்கு" என்றான்.

சின்னச் சின்னக் கற்கள் குன்றின் மேலிருந்து உருண்டு விழுந்துகொண்டிருந்தன. தைரியராஜ் இருபது வருடமாகக் கல்லோடு இருந்தவர். அருகே வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெயில் இன்னும் ஏறாத நேரத்தில் பாறை கொதித்தது, நடுங்கியது. இத்தனை வருடத்தில் வெடி வைப்பதற்கு முன் ஒரு கல்லையும் அவர் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றார்.

"வண்டியப் பின்னால எடுப்பா," என்றார் டிரைவரிடம். பிறகு கிளமென்டின் கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டார். "குடுங்க, நீங்க எவ்வளவு தூரம்தான் சுமப்பீங்க."

மணலில் நடப்பது குன்றுக்குச் சிரமமாக இருந்ததால் காவிரியைக் கடக்கவே நண்பகல் ஆகிவிட்டது. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்தைக் கண்டதும் சற்றுத் தயங்கி நின்றது. "யாரோ பெரியவா வரா, வழி விடுங்கோ" என்று ஒருவர் தெருக்காரர்களை ஒதுக்கிவிட்டார். நாலரை மணிக்குக் கொள்ளிடத்தில் இறங்கி, நாணல் புதர்களுக்கு நடுவே ஓரிடம் பார்த்து உட்கார்ந்தது. அதன் நிழலில் ஐந்து பேரும் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். டோமினிக் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான்.

ஆகஸ்டில் முக்கொம்பு அணையிலிருந்து உபரிநீர் திறந்தபோது, குன்றை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும் என்று அதிகாரிகள் பயந்தார்கள். அது கரைப்பக்கமாக நாற்பதடி தள்ளி உட்கார்ந்துகொண்டது. வடிந்ததும் பழைய இடத்துக்குப் போனது. பிறகு வருடாவருடம் அப்படித்தான். கொக்குகள் ஆலங்கன்றில் கூடு கட்டியிருக்கின்றன. தைரியராஜ் இப்போது சிமெண்ட் வியாபாரம் செய்கிறார். கரையில் துவைப்பவர்கள் குன்றின்மேல் துணி காயப்போடுகிறார்கள். வெள்ள அறிவிப்பு வந்த நாட்களில் மட்டும், அது கிளம்புவதற்கு முன் துணிகளை எடுத்துவிடும்படி ஒருவருக்கொருவர் சத்தம்போட்டுச் சொல்லிக்கொள்கிறார்கள்.