ஐந்நூற்று எழுபத்தொன்பதாவது நாள்

ஜீவராணியின் அடையாள அட்டை எண் 199757902146. பண்டாரவளையில் கணக்கு டீச்சர் அல்லவா, சும்மா இருக்கும் நேரத்தில் அதையும் அவள் விட்டுவைத்ததில்லை. இரண்டால் வகுபடும், மூன்றால் வகுபடும், பதினொன்றாலும் மீதியில்லாமல் வகுபடும். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி எண். அதுதான் அவள் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

கல்யாணப் பதிவுக்காக அட்டையை வாங்கிப் பார்த்த பொன்னையா, மாப்பிள்ளை தினேசின் தாய்மாமன், மறுநாளே தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் அவள் வீடு இருந்த லயத்துக்கு வந்துவிட்டார். வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

"முதல் நாலு இலக்கம் பொறந்த வருசம், தொண்ணூத்தேழு. அடுத்த மூணு, வருசத்துல எத்தனையாவது நாள்ங்கிறது. பொம்பளைக்கு ஐநூறு கூட்டிப் போடுவாங்க. அதைக் கழிச்சா எழுபத்தொம்பது. எண்ணிப் பாருங்க, மார்ச் இருபது வருது. நீங்க பத்தொம்பது, பூசம்னு சாதகம் குடுத்தீங்க. இருபது ஆயில்யம். ஆயில்யத்துக்காரி மாமியாருக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுதானே மறைச்சீங்க?"

தினேசின் அம்மா விஜயலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டார். போன வருடம்தான் நெஞ்சில் ஒப்பரேஷன் செய்தவர். ஜீவராணி எத்தனையோ காலம் காத்திருந்து, இரு வீட்டையும் சம்மதிக்க வைத்த கல்யாணம். நட்சத்திரத்தில் அவளுக்குத் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் பொய்க்காரி என்ற பேரை அவளால் பொறுக்க முடியவில்லை. அவள் அம்மா இராக்கம்மாவோ அடுப்படி வாசலைவிட்டு வெளியே வரவில்லை.

"மாமா, இந்த எண்ணுல எல்லா வருசத்துக்கும் பெப்ரவரி இருபத்தொம்பது நாள்தான். லீப் வருசமா இல்லையான்னு பாக்கமாட்டாங்க. தொண்ணூத்தேழு லீப் வருசம் இல்ல. அதனால மார்ச்சுலருந்து ஒரு நாள் கூடித்தான் காட்டும். உங்க அட்டையை எடுங்க, பாப்போம்" என்றாள் ஜீவராணி.

பொன்னையா எடுத்தார். விரல்விட்டு எண்ணினார். ஆகஸ்டில் பிறந்த அவருக்கும் ஒரு நாள் தள்ளித்தான் வந்தது. மனுசன் முகத்தில் அசடு வழிந்தது.

விஜயலெட்சுமி எழுந்து வந்து அவள் கன்னத்தை வழித்தார். "மன்னிச்சுக்கம்மா. உசுருக்குப் பயந்துட்டேன். இனி நீதான் எனக்கு மக."

ஆறிப்போன தேத்தண்ணியை மாற்ற உள்ளே போனவளின் கையை இராக்கம்மா பிடித்தாள்.

"கணக்கு நீ சொன்னதுதான் சரி. ஆனா நாள் அவரு சொன்னதுதான் நெசம். நீ இருபதாந்தேதி மத்தியானம் பொறந்த. ஆயில்யம்னாங்க. பொட்டப்புள்ள, நாளைக்கு ஒரு எடத்துல வாழணுமேன்னு, பதியறப்ப முந்தின நாளைச் சொல்லிட்டேன்."

ஜீவராணிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வெளியே போய் உள்ளதைச் சொல்லிவிடலாம். சொன்னால் தினேஸ் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாய் திறக்காமல் போனாள்.

விஜயலெட்சுமி சிரித்தபடி கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். புரைக்கேறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

புரைக்கேறினால் யாரும் இருமத்தான் செய்வார்கள். கணக்கு டீச்சருக்குத் தெரியாததா? ஆனாலும் அந்த இருமல் அடங்கும்வரை ஜீவராணி மூச்சு விடவில்லை. இனி அந்த வீட்டில் அந்த அம்மா இருமும்போதெல்லாம் தன் கதி இதுதான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.