கேப்டன் பெடோ உப்பை விட்டது

கேப்டன் கிளேவிஸ் பெடோ உப்பை விட்ட நாற்பத்தோராம் நாள் மாலை, ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, லம்பித் தீவுக்கு முன்னால் நங்கூரமிட்டிருந்த தன் படகின் மேல்தட்டிலிருந்து நான்கு விரல் உயரம் எழும்பினார். அன்று லா போர்த் துறையில் மீன் ராத்தல் பன்னிரண்டு டாலர். காற்று வழக்கம்போலக் கிழக்கிலிருந்து வீசியது. படகில் பதினேழு பயணிகள் இருந்தார்கள். பதினேழு பேரும் மேற்கே திரும்பி, சூரியன் கடலில் இறங்குவதைப் படமெடுத்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. ரம் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்ற அவர் மனைவி ஜெமீமா மட்டும் பார்த்தாள். அவருடைய செருப்புக்கும் பலகைக்கும் நடுவே ஒரு நண்டு சாவகாசமாகக் குறுக்கே நடந்து போனதையும் பார்த்தாள். சூரியன் முழுதாக முங்கியதும் கேப்டன் தொப்பென்று இறங்கினார்.

"என்ன மனுசா, இந்த வயசுல குதிக்கிற?"

"நானா? நின்னுக்கிட்டுல்ல இருக்கேன். நீ ஊத்துற ரம்மை முதல்ல நீ குடிக்காம இரு, என் செல்ல டூடூ."

ஜெமீமா அன்று ஒரு சொட்டுகூடக் குடித்திருக்கவில்லை. நண்டும் குடித்திருக்கவில்லை.

உப்பை விட்ட காரணம் ஊருக்கே தெரியும். பெடோ வீட்டு ஆண்கள் உப்பைச் சோற்றோடு சாப்பிட்டவர்கள் அல்ல, உப்போடு கொஞ்சம் சோறு சாப்பிட்டவர்கள். காலையில் கருவாடு, மதியம் உப்பில் ஊறிய பன்றிவால், இரவு மறுபடி கருவாடு. கிளேவிஸின் வியர்வை காய்ந்தால் முதுகில் வெள்ளையாகப் பாளம் நிற்கும். ஜெமீமா துவைத்துக் காயப்போட்ட சட்டைகளை மூன்று ஊர் ஆடுகள் வரிசையில் வந்து நக்கிப் போகும். இப்படி வாழ்ந்ததில் அவருடைய அப்பா ஐம்பத்தெட்டாவது பிறந்தநாள் அன்று சாப்பாட்டு மேசையில், கருவாட்டுத் தட்டுக்குள் முகம் பதிய விழுந்து இறந்தார். பெரியப்பாவும் சித்தப்பாவும் அதே வயதில், அவரவர் பிறந்தநாளில். சித்தப்பா கையில் பன்றிவாலோடு மாடிப்படியில். கிளேவிஸுக்கு ஐம்பத்தெட்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது, ஜெமீமா அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மருத்துவ நிலையத்தில் நர்ஸ் ஒர்டீலியாவின் முன்னால் உட்காரவைத்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தபோது, அது அறுந்து ஜன்னல் வழியாகப் பறந்து எதிர்வீட்டுக் கோழியின் மேல் விழுந்தது. அந்தக் கோழி பிறகு முட்டையே இடவில்லை.

"கேப்டன், இன்னும் ஒரு சிட்டிகை உள்ள போச்சுன்னா நானே போய் ஆசாரிகிட்ட உங்க பெட்டிக்கு அளவு குடுத்துட்டு வந்துடுவேன்" என்றாள் நர்ஸ்.

"எத்தன அடி சொல்லுவ?"

"வாய் தனியா, உடம்பு தனியா ரெண்டு பெட்டி சொல்லுவேன்."

அன்று மாலையே ஜெமீமா வீட்டிலிருந்த உப்பையெல்லாம் கொல்லையில் கொட்டினாள். அந்த இடத்தில் இன்றுவரை புல் முளைக்கவில்லை. ஆனால் அவளுடைய இரும்புச் சட்டிகள் முப்பது வருட உப்பைக் குடித்தவை. வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்தாலே கடல்போலக் கரித்தது. உப்பே படாத பாத்திரம் வீட்டில் ஒன்றுதான் இருந்தது. வருடத்தில் ஒருநாள், இறந்த பெரியவர்களுக்குத் தட்டு வைக்கும் நாளில் மட்டும் பரணிலிருந்து இறங்கும் கறுப்புச் சட்டி அது. அதை இறக்கிக் கழுவி, கணவனுக்குச் சோளக்களி கிண்டினாள். மருந்துச் சாப்பாடு என்றுதான் நினைத்தாள்.

பெரியவர்கள் தட்டில் ஏன் உப்புப் போடுவதில்லை என்று எங்கள் கரியாக்கூத் தீவில் நடக்கப் பழகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். சங்கிலியில் கட்டிக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களில், எசமான் கொடுத்த உப்பைத் தொடாதவர்கள் ஒரு மாலைப் பொழுதில் கரும்புத் தோட்டத்திலிருந்து எழும்பி, கிழக்கே கடலைத் தாண்டித் தங்கள் சொந்த மண்ணுக்கே போய்விட்டார்கள். உப்பைத் தின்றவர்கள் கனத்துப் போய் இங்கேயே தங்கினார்கள். நாங்களெல்லாம் அவர்கள் வழி. போனவர்கள் சாப்பிட வரும்போது உப்பு பட்டால் திரும்ப முடியாது என்றுதான் தட்டும் தனி, சட்டியும் தனி. இதையெல்லாம் ஜெமீமா வருடாவருடம் தன் கையால் செய்தவள். ஆனாலும் நர்ஸ் சொன்ன பத்தியமும் அந்தச் சட்டியும் ஒன்றுதான் என்று அவளுக்கும் உறைக்கவில்லை, எட்டிப்பார்த்து யோசனை சொல்லிப்போன நாற்பது பெண்களுக்கும் உறைக்கவில்லை.

நண்டு நடந்துபோன மாலைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவர் ஒரு விரல் கூடுதலாக உயர்ந்தார். பகலில் ஒன்றுமில்லை, மணலில் கால்தடம் மட்டும் கோழிக்கால் அளவுக்குத்தான் பதிந்தது. சாயங்காலம் படகு மேற்கே போய் லம்பித் தீவின் சங்கோட்டுக் குவியல்களுக்கு முன்னால் நின்று, சூரியனின் அடிவிளிம்பு தண்ணீரைத் தொட்டதும் கேப்டனின் தலை கிழக்கே திரும்பும். கண் இமைக்காது. எதிர்காற்றில் அவர் சட்டை மேற்கே படபடக்க, உடம்பு மட்டும் கிழக்கே சாயும். அந்த நேரத்தில் துறையில் உள்ள நாய்களெல்லாம் கிழக்கே பார்த்து உட்கார்ந்துகொள்வதாகத் தபால்காரர் சொன்னார். குரைக்கவில்லையாம். யாரோ வீட்டுக்கு வரப்போவதைப் பார்ப்பதுபோல வாலை மட்டும் ஆட்டினவாம்.

ஜெமீமா அவருடைய கால்சட்டை விளிம்பில் தூண்டில் ஈயங்களை வைத்துத் தைத்தாள். பைகளில் கல்லைப் போட்டாள். ஒரு வாரம் தாங்கியது. அடுத்த வாரம் அவர் கல், ஈயம், ஒரு பழைய நங்கூரக் கொழு எல்லாவற்றோடும் இடுப்பளவு உயரத்தில் நின்று, பயணிகளுக்குக் கோப்பை நீட்டினார். இப்போது அவர்களும் பார்த்துவிட்டார்கள். சூரியனைப் பார்க்க வந்தவர்கள் சூரியனை விட்டுவிட்டார்கள். ஒரு ஜெர்மன்காரர் அவருடைய காலுக்கடியில் குடையை நுழைத்து, கம்பி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுநாளுக்கும் இடம் சொல்லிவைத்தார்.

என்ஜின் பார்க்கும் ஹட்சனுக்குப் பெருமை தாங்கவில்லை. "மத்த படகுல கேப்டன் காலைல எந்திரிக்கவே மாட்டேங்குறான். நம்மாளு சாயங்காலமும் எந்திரிக்கிறாரு" என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஜெமீமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மாலை, அவர் இறங்கியதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "அப்பிடி என்னத்தைத்தான் பாக்குற அங்க?"

"பாக்கல. கேக்குறேன். ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க."

"கிளேவிஸுன்னா?"

"இல்ல. நான் கேள்விப்படாத பேரு. ஆனா என்னையத்தான்னு தெரியுது."

அன்று இரவே அவள் பரணைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், தான் என்ன சட்டியில் சமைத்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. விடிந்ததும் நர்ஸிடம் ஓடினாள். நர்ஸ் ஒர்டீலியா பெரிய தீவில் படித்தவள். பறப்பதைப் பற்றி அவளுடைய புத்தகத்தில் இல்லை. கேப்டனின் அழுத்தம் வாரவாரம் இறங்கி, வாலிபனுடையதைத் தாண்டி, குழந்தையுடையதைத் தாண்டி, அதற்கு முந்தின புதனன்று கருவியில் முள் அசையவே இல்லை. கேப்டனோ அப்போதும் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் அட்டையில் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"உப்புக் குடுத்தா?" என்று கேட்டாள் ஜெமீமா.

"குடுத்தா அவங்கப்பா மாதிரிதான். தட்டு மட்டும் கொஞ்சம் பெருசா வையுங்க, மூஞ்சி வெளிய போகாம."

"குடுக்கலன்னா?"

நர்ஸ் ஜன்னல் வழியாகக் கிழக்கே பார்த்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள்.

அவருடைய பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை. போகவேண்டாம் என்று ஜெமீமா சொல்லிப் பார்த்தாள். வீட்டிலிருந்தால் கூரை போகும், படகின் மேல்தட்டுக்குக் கூரை இல்லை என்றார் கேப்டன். அது நியாயமாகத்தான் பட்டது. கடையில் நாற்பது பாகம் நைலான் கயிறு வாங்கினாள். கையிரண்டையும் விரித்தால் ஒரு பாகம், பாகம் நான்கு டாலர். ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பாய்மரத்தில் ஐந்து சுற்றுச் சுற்றினாள். ஏப்ரன் பையில் ஒரு கைப்பிடி உப்பு வைத்துக்கொண்டாள். கிளம்பும் முன் வழக்கப்படி கேப்டன் படகின் மூக்கில் ரம் தெளித்தார். சொட்டுகள் பலகையில் விழாமல் கொஞ்ச நேரம் யோசித்து, காற்றுக்கு எதிராகக் கிழக்கே போயின.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. கேப்டன் எழும்பினார். விரல் கணக்கெல்லாம் அன்று இல்லை. ஒரே மூச்சில் பாய்மர உச்சிக்குப் போய்விட்டார். கயிறு விண்ணென்று இழுத்துக்கொண்டது, மரம் முனகியது, இருபத்திரண்டு பயணிகளும் கைதட்டினார்கள். அதன்பிறகு படகு எழும்பத் தொடங்கியது. அடிப்பலகையில் ஒட்டியிருந்த பாசி சொட்டச்சொட்ட, முன்பக்கம் தண்ணீரை விட்டு மேலே வந்தது.

"ஜெமீமா அக்கா, என்ஜின் காத்தாடி தண்ணிக்கு மேல சுத்துது" என்றான் ஹட்சன் பின்னாலிருந்து, விலை சொல்வதுபோல. "என்னமோ ஒண்ணு பண்ணுங்க."

அவள் அறைக்கூரை மேல் ஏறி, கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து, அவருடைய முகத்தைத் தன் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். அதற்கு அவளிடம் இருந்த ஐம்பது வருட உப்பும் தேவைப்பட்டது. பையிலிருந்து உப்பை அள்ளி அவர் உதட்டருகே கொண்டுபோனாள். கேப்டன் வாயை மூடிக்கொள்ளவில்லை.

"குடுக்குறதுன்னா குடு, டூடூ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அப்பா விழுந்தன்னைக்கு அவரு மூஞ்சியக் கழுவிவிட்டது நீதான?"

அவள்தான். புருவத்திலிருந்து முள்ளைக்கூட ஒவ்வொன்றாக எடுத்தாள். நாலு நாள் கையில் அந்த வாசம் போகவில்லை. ஜெமீமா அவரைப் பார்த்தாள். தலைக்குப் பின்னால் கிழக்கு கறுத்துக்கொண்டு வந்தது, அந்தக் கறுப்புக்குள் என்னமோ காத்திருந்தது. அவளுக்கும் அன்று ஒரு நொடி மத்தளம்போலக் கேட்டது. கையை விரித்தாள். உப்பு காற்றோடு மேற்கே போய், கைதட்டிக்கொண்டிருந்தவர்களின் கோப்பைகளில் விழுந்தது. பிறகு மரத்திலிருந்து ஒரு சுற்றை அவிழ்த்து, கயிற்றை மெல்லமெல்ல விடத் தொடங்கினாள். படகு தண்ணீரில் உட்கார்ந்தது. நாற்பதாவது பாகத்தில் முனையைத் திரும்பக் கட்டியபோது, கேப்டன் இரவில் பொத்தான் அளவுக்கு இருந்தார்.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. கயிறு அறுக்கப்படவில்லை. பகலில் அது கம்பிபோல விறைத்துக் கிழக்கே சரிந்து நிற்கும்; கடற்காகங்கள் உட்காரும், ஹட்சன் ஈரத்துண்டு காயப்போடுவான். ஜெமீமாதான் இப்போது கேப்டன். தினமும் சூரியன் முங்கும் நேரத்தில் சோளக்களியை ஒரு வாளியில் வைத்துக் கப்பி கட்டி மேலே அனுப்புவாள், வாளி துடைத்துவைத்ததுபோல வரும். முதல் வருடம் கூடவே அவருடைய சீட்டியும் வந்தது. மூன்றாம் வருடம் வாளியின் அடியில் செம்மண் தூசி இருந்தது. எங்கள் தீவில் அந்த நிற மண் இல்லை. ஆறாம் வருடம் நர்ஸுக்கும் பெயர் தெரியாத ஒரு கொட்டை இருந்தது. கயிறு வருடத்துக்கு இருபது பாகம் மேலே போகிறது, அவள் இருபது பாகம் வாங்கி முடிகிறாள். பாகம் இப்போது ஆறரை டாலர்.

முன்பெல்லாம் இழுப்பு ஒரு ஆளின் இழுப்பாக இருந்தது. போன ஆகஸ்டிலிருந்து அது பல கைகள் சேர்ந்து இழுக்கும் இழுப்பு. ஒரே தாளத்தில், வலை இழுப்பவர்களைப்போல. போகும்போது படகு மேற்கே போக மாட்டேன் என்கிறது. திரும்பும்போது என்ஜினை அணைத்துவிட்டே வந்துவிடலாம் என்று ஹட்சன் சொல்கிறான். அது டீசலுக்கு நல்லது.

சென்ற மாதம் ஜெமீமாவுக்கும் ஐம்பத்தெட்டு நெருங்கியது. நர்ஸ் ஒர்டீலியா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அட்டையை நீட்டினாள்.

"நானும் உப்பை விட்டுரட்டுமா?" என்று கேட்டாள் ஜெமீமா.

"அதை நான் சொல்ல மாட்டேன், கேப்டன்" என்றாள் நர்ஸ்.

அன்று மாலையிலிருந்து கறுப்புச் சட்டியில் இரண்டு பேருக்குக் களி கிண்டுகிறாள். இந்த வருடம் கயிறு வாங்கவில்லை. கடைக்காரர் கேட்டதற்கு, இருப்பது போதும் என்றாளாம். முனையைப் பாய்மரத்திலிருந்து அவிழ்த்து, இடுப்பில் கட்டிக்கொள்ள எவ்வளவு நீளம் வேண்டும் என்று ஹட்சனை விட்டு அளந்து பார்த்தாள். ஒரு பாகமும் ஒரு சாணும் வருகிறது. நேற்றுச் சூரியன் முங்கியபோது அவளுடைய செருப்புக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் இருந்தது. படகு நாள்தோறும் மாலை நாலரைக்கு லா போர்த் துறையிலிருந்து கிளம்புகிறது, ரம்மும் வறுத்த மீனும் கட்டணத்தில் அடக்கம். ஈஸ்டர்வரை ஓடும் என்று ஹட்சன் சொல்கிறான். பார்க்க வேண்டியவர்கள் அதற்குள் வந்துவிடுவது நல்லது.