இணை மாங்குயில்களும் அடுப்பேறிய பானையும்

விடாது பெய்த மழை ஓய்ந்து, யாங்மெய்ப் பழங்கள் கருஞ்செம்மை கொண்டு கனிந்து, தென்மேல்காற்று நாள் தவறாமல் வீசத் தொடங்கியிருந்த முதுவேனிற் பிற்பகலில், மிங்சௌத் துறை ஆரவாரத்தால் நிறைந்திருந்தது. பட்டுப் பொதியும் பசும்பீங்கானும் சுமந்தோர் பலகை வழியே ஏறியிறங்க, கயிறு முறுக்குவோர் பாட்டும் கூலியாட்கள் வசையும் ஒன்றையொன்று விஞ்ச, மாலை ஓதம் வடியும்போது கோரியோ நாட்டுக்குப் புறப்படவிருந்த பெருங்கலம் நங்கூரத்தை இழுத்தபடி ஆடிக்கொண்டிருந்தது. அக்கரையில் நீர்மேல் தாழ்ந்த கிளைகளுக்குள்ளிருந்து பொன்னிறப் பறவையொன்று, துறையின் இரைச்சலைச் சிறிதும் பொருட்படுத்தாமல், கூவிக்கொண்டேயிருந்தது.

அப்பறவையை, படிக்கும் அன்பரே, நாம் மாங்குயில் என்போம். மிங்சௌ மக்கள் அதன் மஞ்சள் நிறத்தைப் பெயரிலேயே பூசி ஹுவாங்லி என்பர். ஏடு கற்றோர் சாங்கெங் எனும் பழம்பெயரை விடமாட்டார். யப்பானிய வணிகரோ அதன் பெயரைக் குறிக்கும் எழுத்தைத் தம் நாட்டின் வேறொரு சின்னஞ்சிறு பறவைக்கு ஈந்துவிட்டு, இதைக் கண்டால் 'இது யார்?' என்று விழிப்பர். கோரியோ மக்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அது எப்படிக் கூவுகிறதோ ஏறக்குறைய அப்படியே குவெக்கோரி என்று கூப்பிட்டுவிடுவார்கள். பெயர் எத்தனையாயினும் பறவை ஒன்றுதானே என்று எண்ணி ஏமாந்தவன் ஒருவன் உண்டு. அவன் கதை இது.

அவன் பெயர் தோக்யோம். கோரியோவிலே பிறந்து, இருநாட்டு வணிகருக்கும் நடுவே சொல் மாற்றித் தருவதைத் தொழிலாகக் கொண்டு, மிங்சௌவிலே வெய்நியாங் என்பாளை மணந்து எட்டுத் திங்கள் ஆகியிருந்தன. ஊரார் பேச்சையெல்லாம் தண்ணீர்பட்ட பாடாக அறிந்தவன், தன் மனைவியின் கேள்வி ஒன்றுக்கு மட்டும் மூன்று நாளாய் வாய் திறக்காதிருந்தான். கலத்துக்குரிய பேழையை அடுக்கும்போது, பட்டுத்துணியில் பொதிந்த புதிய சீப்பு ஒன்று அவள் கையில் அகப்பட்டது. ஆண்டுதோறும் அவன் ஒரு சீப்பு வாங்கிச் செல்வதாக மாலுமி ஒருவன் சொன்னதும் அவள் செவிக்கு எட்டியிருந்தது. யாருக்கென்று கேட்டாள், அவன் தலை கவிழ்ந்தான். அன்றோடு பேச்சு நின்றது. தந்தை வீட்டுக்குப் போவதற்கென்று அவளும் ஒரு பேழையை அடுக்கி வாயிலருகே வைத்துவிட்டாள்.

வாயால் சொல்ல இயலாததைப் பறவையால் சொல்லிவிடலாம் என்று அவன் நம்பினான். மாங்குயில் இணையொன்றை விலைக்கு வாங்கி, கூண்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சரக்கு ஏற்றி முடிந்ததும், அவள் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று எண்ணியெண்ணி ஓட்டமும் நடையுமாக வந்தான், பாவம்.

அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கத்தி, கத்திக்குப் பக்கத்தில் கூண்டு. சமையற்காரி லியூ வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள்.

"வாங்க, நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க," என்றாள் வெய்நியாங். "தண்ணி கொதிச்சிருச்சு."

"எதுக்குத் தண்ணி?"

"உங்க மருந்துக்குத்தான். ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா அனுப்பியிருக்கீங்களே! அவ்வளவு பொறாமையா முத்திப்போச்சு எனக்கு?"

அவன் திருதிருவென விழிப்பதைக் கண்டு லியூவுக்கு மனம் பொறுக்கவில்லை. "ஐயா, எங்க பக்கத்துல பொறாமை பிடிச்ச பொண்டாட்டிக்குத்தான் இந்தக் குருவிச் சாறு வச்சுக் கொடுக்கணும்பாங்க. இதப் போயி யாராவது பரிசுன்னு அனுப்புவாங்களா?"

தோக்யோம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஐயையோ! எங்க ஊருல இது புருஷன் பொண்டாட்டிப் பறவை, வெய்நியாங். ஜோடியாப் போறதப் பாத்தா, ஒத்தையா நிக்கிறவன் அழுதுருவான். நானும் ஒத்தையாப் போறேன், நீயும் ஒத்தையா இருக்கப்போற. வீட்டுலயாவது ஒரு ஜோடி இருக்கட்டும்னு நெனச்சேன்."

அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் அவன் கூண்டுக்குள் பார்த்தான். பாதி கொத்திய யாங்மெய்ப் பழங்கள் அங்கே சிதறிக் கிடந்தன. சமைக்கப் போவதாகச் சூளுரைத்தவள், நீர் கொதிக்கும் வரை அவை பசித்திருக்கப் பொறாதவளாய், பழம் ஊட்டியிருக்கிறாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒருங்கே வந்தன.

"அப்போ அந்தச் சீப்பு?" என்றாள், திரும்பாமலே.

துறையிலிருந்து, கலமேற அழைக்கும் கொம்பொலி முதன்முறை எழுந்தது. கலம் புறப்படும் வாரத்தில் இறந்தோரைப் பற்றிப் பேசலாகாது, பேசினால் கடல் விடாது என்பது அக்கலத்தோர் வழக்கம். கடலில் வளர்ந்த தோக்யோமுக்கு அதில் நடுக்கமும் உண்டு.

"வந்து சொல்றேனே. இப்பச் சொன்னா நான் திரும்ப மாட்டேன்னு மாலுமிங்க சொல்வாங்க."

"சொல்லாமப் போனா, திரும்பி வரும்போது நான் இங்க இருக்க மாட்டேன்."

வாயிலருகே இருந்த பேழையை அவன் ஒருமுறை நோக்கினான். கடலைவிட அது கொடிதாகத் தோன்றிற்று.

"அங்க எனக்கு ஒருத்தி இருந்தா," என்றான் மெல்ல. "முதல் தடவை நான் கப்பலேறும்போது, மிங்சௌச் சீப்பு ஒண்ணு வேணும்னு கேட்டா. நான் கொண்டு போகையில அவ இல்ல. காய்ச்சல். அதான், வருஷத்துக்கு ஒண்ணு, அவ கல்லறையில வச்சுட்டு வர்றேன். ஒருதரம் ஒத்தையா நின்னவன் நான். இன்னொரு தரம் என்னால முடியாது."

லியூ மேலாடை நுனியைக் கண்ணில் வைத்துக்கொண்டாள். வெய்நியாங் பானையை இறக்கி, அந்நீரிலேயே தேயிலை இட்டுக் கணவன் கையில் கொடுத்தாள். அவன் பருகுமளவும் அவன் தோளருகே நின்றிருந்தாள். பின்பு கூண்டைச் சாளரத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்தாள். ஒன்று உடனே பறந்து அக்கரை மரத்தை அடைந்தது. மற்றொன்று கூண்டின் படியிலே நின்று, மீதியிருந்த பழத்தைப் பொறுமையாகக் கொத்தித் தின்று, இணை இருமுறை கூவியழைத்த பின்னரே போயிற்று.

"நல்லா சாப்பிட்டுட்டுத்தான் போகுது," என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "உங்க ஊருல இத எப்படிக் கூப்பிடுவீங்க?"

"குவெக்கோரி."

அவள் மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் கொம்பொலி எழுந்தது. அவன் தன் பேழையைத் தூக்க, அவள் தடுத்து, மூடியைத் திறந்து, தன் கொண்டையில் செருகியிருந்த சீப்பை, மணநாளில் அவன் சூட்டிய அதே சீப்பை, உருவினாள். கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது. புதிய சீப்போடு அதையும் சேர்த்துப் பட்டில் பொதிந்து வைத்தாள்.

"இதையும் அக்காகிட்ட வைங்க. தங்கச்சி கொடுத்தாள்னு சொல்லுங்க. உங்களப் பத்திரமாத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க."

அழுக்காற்றுக்கு மருந்தை அவ்வூரார் நெடுங்காலமாய்ப் பறவையின் ஊனிலே தேடிவந்தனர். அன்று மாலை அது ஒருத்தியின் கூந்தலினின்று இறங்கி, ஓதம் வடியும் நீரில் கலமேறி, அவள் ஒருநாளும் கண்டறியாத ஒருத்தியின் கல்லறை நோக்கிக் கடலிற் சென்றது.