அலமாரிக்குள் வளர்ந்த அவரை

1.

இந்தக் கதை என்னுடையது அல்ல. பழைய கால்சட்டையின் இடுப்பைப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. தையல்காரர் என் வயிற்றைச் சுற்றி டேப்பைப் பிடித்தபடி, "நீங்க கதை எழுதறவர்தானே சார்? எங்கிட்ட ஒண்ணு இருக்கு, எழுதுங்க. முடிவை மட்டும் மாத்திடணும்" என்றார். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பவனால் மறுத்துப் பேச முடியாது. தலையாட்டிவிட்டேன்.

2.

முதல் தொடக்கம்: "அறிவியல் என்பது வீட்டிலிருந்தே..." [வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் துண்டுத்தாள் மாதிரி இருக்கிறது.]

இரண்டாவது: "தையல்காரரின் ஒரே மகள் தாயில்லாப் பிள்ளை." [பொய். அம்மா குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். நாலு சொட்டுக் கண்ணீர் வரட்டுமே என்று கொல்லப் பார்த்தேன்.]

மூன்றாவது தேவலை. மகளுக்கு வீட்டில் பட்டப்பெயர் நைநை. பேச்சு வந்த நாள் முதல் கேள்வி கேட்டே அப்பாவின் உயிரை எடுப்பவள். ஊசி காந்தத்துல ஒட்டுது, பொத்தான் ஏம்ப்பா ஒட்டல? துணி நனைஞ்சா ஏன் கறுத்துப் போகுது? அவருக்குப் பாதிக்கு மேல் தெரியாது. "உங்கம்மாவைக் கேளு" என்பார். அம்மா "உங்கப்பாவையே கேளு" என்பார். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் பெற்றோர் கூட்டத்தில் அறிவியல் டீச்சர் சொல்லி அனுப்பினார்: "பிள்ளைங்க வீட்ல சோதனை செய்வாங்க. நீங்களும் கூட நின்னு கொஞ்சம் உதவி பண்ணுங்க."

உதவி என்ற அந்தச் சொல் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. [இங்கே ஒரு தத்துவ வரி இருந்தது. அடித்தாயிற்று.]

3.

சோதனை எளியதுதான். இரண்டு கப், ஈரப் பஞ்சு, அவரை விதை. வீட்டு முன்னறைதான் கடை. ஒன்று கடை ஜன்னலில், இன்னொன்று அங்கேயே துணி அலமாரியின் இருட்டில். அளக்க அவரே டேப் கொடுத்தார். நைநை தையல் சாக்கட்டியால் அலமாரிக் கதவின் உட்புறத்தில் உயரத்தைக் கோடு கோடாகக் குறித்து வந்தாள். அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சீருடை தைக்கும் மாதம், தலைக்கு மேல் வேலை.

பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய காலையில்தான் அலமாரியைத் திறந்தார். ஜன்னல் செடி பச்சையாகக் குட்டையாக நின்றது. அலமாரிச் செடியோ வெளுத்து, மெலிந்து, அதைவிட ஒரு சாண் கூடுதலாக நீண்டு கிடந்தது.

அவருக்குப் பகீரென்றது. செடி வெயிலில் வளரும், இருட்டில் வளராது. இது தெரியாத ஆள் உண்டா? பிள்ளை எங்கேயோ தப்பு செய்திருக்கிறாள், எல்லார் முன்னாலும் தலைகுனியப் போகிறாள். கத்தரி கையில் இருந்தது. எப்போதும் இருக்கும். எங்கே பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கை சும்மா இராது. [இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் சட்டையில் தொங்கிய நூலை வெட்டிவிட்டார்.]

ஜன்னல் செடியைவிடக் குட்டையாக நிற்கும்படி ஒரே வெட்டு. பிறகு இரண்டு கப்பையும் அட்டைப்பெட்டியில் வைத்து, அவரே கட்டிக் கொடுத்து அனுப்பினார். அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷம்.

4.

வகுப்பறையில் நான் இல்லை, அவரும் இல்லை. ஆகவே சுருக்கமாக.

முந்தின நாளே நைநை எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்: "இருட்டுல இருக்கறதுதான் உயரம். வெளிச்சத்தைத் தேடி நீளுது போல. நாளைக்குப் பாருங்க." பெட்டியைத் திறந்தால் மொட்டைத் தண்டு. வகுப்பே சிரித்தது. டீச்சர், "யாரு வெட்டினது?" என்று கேட்டார்.

"நான்தான் மிஸ்."

அடுத்த கூட்டத்தில் டீச்சர் அப்பாவிடம் சொன்னார்: "உங்க பொண்ணு சரியாத்தான் கவனிச்சிருந்தா. இருட்டுல செடி அப்படித்தான் நீளும். பயந்துபோய் அவளே வெட்டிட்டா. வந்த முடிவை மாத்தக் கூடாதுன்னு நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அவர் சட்டென்று எழுந்து, "மிஸ், அதை வெட்டினது நா

[நடக்கவில்லை. கை தானாக எழுதிவிட்டது. சுற்றிலும் மற்ற பெற்றோர்கள். அவர் சொன்னது, "சொல்றேங்க."]

வீட்டுக்கு வந்து, "ஏண்டா கண்ணு, அப்பாதான் வெட்டினாருன்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டார்.

"நீங்க உதவிதானேப்பா பண்ணீங்க."

அதற்குப் பிறகு அவள் அவரை எதுவும் கேட்பதில்லை. கோபம் இல்லை. பசிக்குது என்பாள், தூக்கம் வருது என்பாள். ஏன் என்று மட்டும் கேட்பதில்லை. தொல்லை விட்டது என்று இருக்க முடியவில்லை அவரால்.

5.

முடிவு (அ): நைநை வளர்ந்து விஞ்ஞானியாகி, மேடையில் அப்பாவை... [எழுதவே கூச்சமாக இருக்கிறது.]

முடிவு (ஆ), அவர் கேட்டது: அவர் டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்கிறார், நைநை மறுபடி நைநை ஆகிறாள். இதை எழுதியே முடித்துவிட்டேன். நன்றாகவும் வந்திருந்தது. கால்சட்டையை வாங்கப் போனபோது படித்துக் காட்டினேன்.

பாதியில் அவள் பள்ளியிலிருந்து வந்தாள். "இன்னைக்கு சயின்ஸ்ல என்னம்மா நடந்துச்சு?" என்றார். "ஒண்ணுமில்லப்பா." பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திறந்திருந்த அலமாரிக் கதவில் சாக்கட்டிக் கோடுகள் அப்படியே இருந்தன. துணியில் ஒரு கோடு மிச்சம் இருந்தால் தட்டிவிடுகிற மனிதர், இவற்றைத் துடைக்கவில்லை.

"நான் போய்ச் சொல்லிட்டேன்னே இருக்கட்டும் சார். படிக்கிறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

அவர்மேல் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. "ஒரு தடவை வெட்டினது போதும். நீங்க போய்ச் சொல்லுங்க. என்ன நடக்குதோ அதை எழுதறேன்" என்றேன்.

"இப்போ போனா மிஸ் இருப்பாங்களா?"

"நோட்டு திருத்திட்டு இருப்பாங்க. ரெண்டு தெருதானே."

6.

இங்கே இருந்த முடிவைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நான் கிளம்பும்போது அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலடியிலேயே கிடந்தது. நான் காட்டிக் கொடுக்கவில்லை. போனாரா இல்லையா, தெரியாது.

நீங்கள் எப்போதாவது அந்தக் கடைக்குப் போனால் அவரிடம் விசாரிக்க வேண்டாம். பிழைக்கத் தெரிந்தவர், ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார். அளவு கொடுக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அந்தப் பெண் அவரிடம் ஏதாவது கேட்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.