வலப்பக்கத்து மஞ்சள் விளக்கு

1996இல் மார்கழி பிறந்ததிலிருந்தே ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் பனி இறங்கி நின்றது. ஆற்றுப் பக்கமிருந்து எழுந்து வந்து சாலையோரப் புளியமரங்களை இடுப்பளவுக்கு மூடிவிடும். மரங்களின் தலைகள் மட்டும் மேலே மிதந்துகொண்டிருக்கும். தோல் பதனிடும் ஷெட்டுகளின் நாற்றம்கூட அந்தக் குளிரில் மெலிந்துபோய், ஈரச் சுண்ணாம்பு வாசனையாகத்தான் மூக்கில் தட்டும்.

சுந்தர்ராஜ் மாதனூர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்தொன்று. பத்தாம் வகுப்புக்குக் காலையில் தனி வகுப்பு வைத்திருந்ததால் ஆறே முக்காலுக்கே காதை மூடி மஃப்ளர் சுற்றிக்கொண்டு மொபெட்டில் கிளம்பிவிடுவார். ஹெல்மெட் வாங்கவில்லை. பக்கத்து ஊருக்குப் போக எதற்கு, அதெல்லாம் மெட்ராஸ் வரை போகிறவர்களுக்கு என்று நினைத்தார்.

ஊரைத் தாண்டியதும் முன்னால் ஒரு லாரி போகும். உப்புப் போட்ட தோலை ஏற்றிக்கொண்டு மேல்விஷாரம் போகிற லாரி. பனியில் வேறு எதுவும் தெரியாதபோது அதன் இரண்டு சிவப்பு விளக்குகளைப் பிடித்துக்கொண்டு போவது சுகமாக இருந்தது. பாதித் தூக்கத்தில் யாரோ கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது போல. கொஞ்ச தூரத்தில் சாலை நேராகும். அங்கே லாரி மெதுவாகும். வலப்பக்கத்து மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரியும். போகலாம் என்று அர்த்தம். சுந்தர்ராஜ் முந்திக்கொண்டு போவார். டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை எழும்பும். இவரும் கையைத் தூக்குவார். முகத்தைப் பார்த்ததே இல்லை.

"என் ஃபிரெண்டு இன்னிக்கும் வழி விட்டாரு" என்று சாயந்திரம் வீட்டில் சொல்வார்.

"யாரு அது?" என்றாள் அவர் மனைவி ரோஸ். அவளும் டீச்சர்தான், ஆம்பூரிலேயே.

"தெரியாது. ஒரு கை."

ரோஸ் சிரித்தாள்.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது லாரி வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே மெதுவானது. மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. சுந்தர்ராஜ் ஆக்சிலேட்டரைத் திருகினார். லாரியின் பாதி நீளத்தைத் தாண்டியிருப்பார், பக்கத்திலிருந்த லாரியின் சுவர் தன் மேல் சாய்வதாகத் தோன்றியது. பயமே இல்லை. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு மெதுவாக நகர்கிறதே என்ற ஆச்சரியம்தான் இருந்தது. மஃப்ளருக்குள் எந்தச் சத்தமும் கேட்கவில்லை. பிறகு புளியமரத் தலைகள் அவர் காலுக்குக் கீழே வந்தன.

கண் விழித்தபோது வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். இடது தொடையும் முழங்காலும் நொறுங்கியிருந்தன. தலையில் பதினாறு தையல். மருந்து மயக்கத்தில் மூன்று நாள் போனது. கண்ணை மூடினால் மஞ்சள் விளக்கு எரியும், அணையும். ஒருமுறை வா என்பது போலிருக்கும், அடுத்த முறை நில் என்பது போலிருக்கும். எது என்று கேட்க அவர் வாயைத் திறப்பார். ரோஸ் ஸ்பூனால் தண்ணீர் விடுவாள்.

நாலாம் நாள் ஏட்டு ஒருவர் வந்து வாக்குமூலத்தைப் படித்துக்காட்டினார். ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்.

"லாரி சிக்னல் காட்டாம திரும்பிச்சு. அவ்ளோதானே சார்? கையெழுத்து போடுங்க."

"சிக்னல் காட்டினாரு" என்றார் சுந்தர்ராஜ்.

"இன்னா?"

"ரைட் லைட் எரிஞ்சது. போகச் சொல்றாருன்னு நான் நினைச்சேன்."

ஏட்டு பேனாவை மூடினார். "அப்படி எழுதினா கேஸ் உங்க மேல சாஞ்சிடும் சார். மோதினா பெரிய வண்டி மேலதான் தப்பு. அதான் சட்டம்."

"அப்படி ஒரு சட்டம் இருக்குதா?"

ஏட்டு யோசித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

கடைசியில் வேறு தாளில் எழுதினார். ஏட்டு போன பிறகு ரோஸ் கட்டிலருகே வந்தாள்.

"உண்மைய சொன்னீங்க, சரி. இந்தக் காலோட நாளைக்கு ஃபீபிய யாரு ஸ்கூலுக்கு இட்டுனு போறது? அந்த லாரிக்காரனா?"

ஃபீபி அவர்களுடைய எட்டு வயது மகள்.

லாரிக்காரர் அடுத்த வாரம் வந்தார். ஒல்லியான ஆள், நரைத்த தாடி, கையில் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். வார்டு வாசலில் நின்று ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தார். யாரைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை என்பது சுந்தர்ராஜுக்குப் புரிந்தது. கையைத் தூக்கினார். அந்த ஆளும் கையைத் தூக்கினார். அப்போதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள்.

"ஹயாத் பாஷாங்க" என்றார் வந்தவர். ரோஸ் நாற்காலியை அவர் பக்கம் தள்ளவில்லை. அவர் நின்றுகொண்டே பேசினார்.

"அன்னிக்கு மேல்விஷாரம் போவல சார். ஆத்துப் பக்கம் புது ஷெட்டு ஒண்ணு, அங்க லோடு எறக்கச் சொன்னாங்க. திரும்பறதுக்குத்தான் லைட் போட்டேன்."

"தினமும் அதே லைட்டதானே எனக்குப் போட்டீங்க?"

"அது... போங்கன்னு."

"எது திரும்பறது, எது போங்கன்றதுன்னு நான் எப்படிப்பா கண்டுபுடிக்கறது?"

ஹயாத் பாஷா பொட்டலத்தைக் கைமாற்றினார். "போகச் சொல்றப்போ வண்டி ஸ்லோ ஆவும்."

"அன்னிக்கும் ஸ்லோ ஆச்சு."

"ஆமா" என்றார் அவர். அப்புறம் மெல்லிய குரலில் சொன்னார். "இருவத்திரெண்டு வருஷமா அப்படித்தான் போடறேன் சார். எல்லா லாரிக்காரங்களும் அப்படித்தான் போடறாங்க. லைசென்ஸ் எடுக்கறப்போ ரைட் லைட்டுன்னா ரைட்ல திரும்பறதுன்னு நான்தான் பதில் சொன்னேன். அதுக்கப்புறம் அத நெனச்சே பார்க்கல."

ரோஸ் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீ ஊற்றி, முகத்தைப் பார்க்காமலே அவரிடம் நீட்டினாள்.

வழக்கு பல மாதம் நடந்தது. அதுவரை ஹயாத் பாஷாவின் லைசென்ஸ் ஸ்டேஷனில் இருந்தது. அவர் தோல் கிடங்கில் மூட்டை தூக்கினார். சுந்தர்ராஜ் ஊன்றுகோலோடு கூண்டில் ஏறி, விளக்கு எரிந்தது என்பதையும் தான் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதையும் சொன்னார். ஹயாத் பாஷாவை விடுவித்தார்கள். சுந்தர்ராஜின் இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. மொபெட்டை மறுபடி தொடவில்லை. பஸ்ஸில் போய்வந்தார்.

அடுத்த மார்கழியில் ஒருநாள் பஸ் வரவில்லை. பனியில் கோலை ஊன்றிக்கொண்டு நின்றவர் முன்னால் ஒரு லாரி வந்து நின்றது. மேலேயிருந்து குரல் வந்தது.

"ஏறுங்க சார்."

படி உயரம். ஹயாத் பாஷா சுற்றி வந்து தோள் கொடுத்து ஏற்றிவிட்டார். உள்ளே எஞ்சின் சூட்டோடு அத்தர் வாசனையும் கலந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே உலகமே பாலாக இருந்தது. லாரி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

பின்னாலிருந்து ஏதோ ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. ஹயாத் பாஷா எந்த விளக்கும் போடவில்லை.

"இப்பல்லாம் நான் எதுவும் காட்றதில்ல. தாண்டறவங்க பார்த்துத் தாண்டட்டும். ரொம்பத் திட்றாங்க சார், பேஜாரா இருக்குது." பிறகு தன் பக்கத்துக் கண்ணாடியைக் காட்டினார். "கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சு பாருங்க. வண்டி தெரியுதா?"

சுந்தர்ராஜ் சாய்ந்து பார்த்தார். ஒரு மங்கலான வெளிச்சம் கண்ணாடியில் வளர்ந்தது. வளர்ந்து, ஓரத்துக்கு வந்து, காணாமல் போனது. ஹாரன் மட்டும் மிக அருகில் கேட்டது. கண்ணாடியில் வெறும் பனி. மூன்று நான்கு மூச்சு நேரம் கழித்து ஸ்கூட்டர் முன்னால் தோன்றிக் கரைந்தது.

"அந்த நடுவுல நீங்க எனக்குக் கிடையாது சார்" என்றார் ஹயாத் பாஷா. "ஒருத்தரும் இல்லன்னு நெனச்சுதான் அன்னிக்கு ஸ்டீரிங்கத் திருப்பினேன்."

"நான் உங்க லைட்ட பார்க்கறேனே, நீங்களும் என்னப் பார்க்கறீங்கன்னு நினைச்சிகிட்டிருந்தேன்" என்றார் சுந்தர்ராஜ். சொன்ன பிறகு, இந்த ஒரு வருஷத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை என்று அவருக்குத் தோன்றியது. கண் கலங்கியது. ஹயாத் பாஷா சாலையையே பார்த்து ஓட்டினார்.

மாதனூர் நெருங்கும்போது திடீரென்று இடப்பக்கத்தில் முதுகுகள். ஷூ கம்பெனி பஸ் ஏறப் போகிற பெண்கள், சாப்பாட்டுப் பைகளோடு வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். லாரி அவர்களை ஒட்டி வரும்வரை அவர்கள் இருப்பதே தெரியவில்லை. அவர்களும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹயாத் பாஷா பிரேக்கை மிதித்து, ஊர்ந்து கடந்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்.

சுந்தர்ராஜ் இறங்கி அந்தப் பெண்களுக்காகக் காத்து நின்றார். முதலில் வந்தவள் சோபனா. அவரிடம் படித்தவள், இப்போது தையல் பிரிவில் வேலை.

"இந்தப் பக்கம் நடக்காதீங்கம்மா. எதிர்ப் பக்கமா போங்க."

"லெஃப்ட்லதானே சார் போவணும்? நீங்கதானே ஸ்கூல்ல சொன்னீங்க."

"தப்பா சொல்லிட்டேன். வண்டிக்குத்தான் லெஃப்ட். நடக்கறவங்க வர்ற வண்டியப் பார்த்து நடக்கணும்."

சோபனா லாரியைப் பார்த்தாள், அவருடைய காலைப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் சிரித்துக்கொண்டே அதே பக்கத்தில் போய்விட்டார்கள். சோபனாவும் இன்னொருத்தியும் மட்டும் இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்தார்கள். சுந்தர்ராஜும் கடந்தார். பள்ளிக்கு இன்னும் கால் மைல் இருந்தது.

எதிரே வெண்மைக்குள் ஒரு வெளிச்சம் கருக்கொண்டது. சத்தமில்லாமல் பெரிதாகி, இரண்டாகப் பிரிந்து, ஒரு பஸ்ஸாக மாறியது. மூன்று பேரும் மண்ணில் இறங்கி நின்றார்கள். அது போன காற்றில் பனி சுழன்று, மெல்ல மூடிக்கொண்டது.