வெயிட்டிங் லிஸ்டில் முதல் ஆள்

இருமட்டும். தொண்டை கிழிய இருமட்டும். அடக்க அடக்கத்தான் இருமல் கூடும் என்பதை இந்த வயசில் ஒரு மனிதருக்கு நான் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தியபடி வீரலட்சுமி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முன்கூடத்தில் தையல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மிஷின்கள் எல்லாம் சேர்ந்து ஓடும்போது ஒன்றும் கேட்பதில்லை. நூல் அறுந்தோ பாபின் தீர்ந்தோ இரண்டு மூன்று மிஷின்கள் ஒரே நேரத்தில் நின்றுவிட்டால், பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு இருமுகிற சத்தம்.

"டீச்சர், உள்ள யாரோ இருமுறாக" என்றாள் அழகி. வகுப்பில் வாய் நீண்ட பிள்ளை.

"எலி."

"எலி இருமுமா டீச்சர்?"

"மிஷின் எண்ணெயைக் குடிச்ச எலி இருமும். நீ ஓரத்த மடிச்சு அடி. கோடு அங்குட்டுப் போகுது, நீ இங்குட்டுப் போற."

பிள்ளைகள் சிரித்தார்கள். மிஷின்கள் மறுபடி ஓடின.

அவளுடைய கணவர் முத்துராமலிங்கம் ஊரில் இல்லை. காரைக்குடியும் கோட்டையூரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தன. அவர் மதுரையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறார், வெள்ளிக்கிழமை ஆகாய விமானம் ஏறி மெட்ராஸ் போய், அங்கிருந்து பம்பாய் போகிறார். ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிச் சொல்லிக்கொண்டு போனவர் ஆயிற்றே. தூரப் பயணம் புறப்படுகிறவர் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொள்வதும், அவர்கள் திருநீறு பூசி அனுப்புவதும் வழக்கம்தான். ஆனால் கப்பல் ஏறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள்கூட இவ்வளவு வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். தன் கல்யாணத்துக்கு வராத வீட்டுக்கும், பத்து வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும்கூட அவர் போனார். விமானம் மேலே ஏறும்போது காதில் பஞ்சு வைக்க வேண்டும் என்று அவரே எல்லோருக்கும் பாடம் நடத்தினார். இதுவரை அவர் பார்த்த விமானமெல்லாம் நிமிர்ந்து பார்த்ததுதான். ஒருத்தர் நைலக்ஸ் சேலை கேட்டார், ஒருத்தர் சினிமா நட்சத்திரம் யாரையாவது பார்த்தால் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டார்கள். அந்த மாலையைக் கழற்றாமலே பஸ்சில் உட்கார்ந்துகொண்டு போனார்.

அப்படிச் சொல்லிக்கொண்டு புறப்பட்டவர் போகாமல் திரும்பி வந்து படியேறினால் அது குறை. அவருக்கு மட்டுமில்லை, திருநீறு பூசின கைகளுக்கெல்லாம் குறை. அந்தக் குறைதான் இப்போது பின்கட்டு அறையில், மிஷின்கள் வந்த மரப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தது.

எல்லாம் புள்ளியால் வந்தது. தையல் மிஷின் கம்பெனி இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு திட்டம் போட்டது. கைமிஷின் விற்றால் ஒரு புள்ளி, கால்மிஷின் விற்றால் இரண்டு. கொஞ்சம் சேர்ந்தால் சுவர்க்கடிகாரம், அதற்கு மேலே டிரான்சிஸ்டர். எல்லாவற்றுக்கும் உச்சியில், யாரும் எட்டிப் பார்க்காத உயரத்தில், பம்பாயில் கம்பெனி நடத்தும் கூட்டத்துக்கு விமானத்தில் இரண்டு பேருக்குப் போக வர இலவச டிக்கெட். கம்பெனியின் மேற்பார்வையாளர் உடையப்பன் கோட்டையூர்க்காரர். மாசம் ஒருமுறை வந்து புள்ளியைப் பதிந்துகொண்டு போவார்.

"கடியாரத்த வாங்கிக்கங்க டீச்சர்" என்பார். "இந்தப் பிளேனெல்லாம் நோட்டீசுல படம் போடுறதுக்குத்தான். திட்டம் முடிஞ்சா பழைய புள்ளி செல்லாது, தெரியும்ல?"

"இருக்கட்டும்ணே" என்பாள் வீரலட்சுமி.

டிரான்சிஸ்டர் வேண்டும் என்று முத்துராமலிங்கம் ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. கல்லல் பக்கத்துக் கிராமங்களுக்கு அறுப்பு முடிந்து கையில் காசு புரளும் நாளாகப் பார்த்து ரயிலேறிப் போனாள். படிப்பு முடித்த பிள்ளைகளின் வீட்டில் போய் உட்கார்ந்து, அப்பன்மாரிடம் பேசி, அம்மாக்களிடம் பேசி, கடைசியில் எவர் முடிவு செய்வார் என்று கண்டுபிடித்து அவரிடம் பேசி, மிஷினை இறக்கினாள். முத்துராமலிங்கம் தன் பெயர் எழுதிய வாசல் பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தார். விற்ற மிஷினுக்கு ரசீது கொடுக்கும்போது மட்டும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். அந்த ஒரு காரியத்தில் அவரிடம் ஒரு கம்பீரம் இருந்ததை அவள் மறுக்கவில்லை.

எதற்காகப் புள்ளிகளை அப்படிப் பிடித்து வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. விமானத்தின் மேல் ஆசை என்று கிடையாது. தான் சேர்த்ததை இன்னொருவர் அவசரப்பட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள்.

போன வாரம் தந்தி வந்தது. ஒரு சீட் கன்பர்ம், ஒரு சீட் வெயிட்டிங் லிஸ்ட் என்றது தந்தி. பெயர் எதுவும் இல்லை. பரிசு டிக்கெட்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு விமானத்திலும் கொஞ்சம் சீட்தான் ஒதுக்குவார்களாம். கன்பர்ம் ஆன சீட் யாருடையது என்று முத்துராமலிங்கம் ஒரு நிமிசம்கூட யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை என்பதுதான் இப்போது நினைத்தால் அவளுக்கு ஆத்திரம். "நீ அடுத்த தடவ வரலாம் லச்சுமி" என்று அவர் தாராளமாகச் சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டு அவருக்குப் பேண்ட் அளவெடுக்க உட்கார்ந்தவள் அவள். பேண்டே போட்டறியாத மனிதர். இடுப்பு அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்ட அளவுக்கே தைத்தாள்.

டிக்கெட்டை வாங்க ஞாயிற்றுக்கிழமையே மதுரைக்குப் போனவர், மறுநாள் உச்சி வெயிலில், தெரு உறங்குகிற நேரமாகப் பார்த்து, பின்பக்கத்துச் சந்து வழியாகத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். கிணற்றடியில் நின்றிருந்தவள் முதலில் யாரோ திருடன் என்றுதான் நினைத்தாள்.

"சீட்டு ஒம் பேருல இருக்காம்" என்றார். அவள் திருடிவிட்டது போல இருந்தது அவர் குரல். "புள்ளி வாங்குன டீச்சருக்குத்தான் நிச்சய சீட்டாம். நான் கூட வர்ற ஆளாம். வெயிட்டிங் லிஸ்ட்ல முத ஆளு நாந்தான்னு அங்க இருக்கிற பய சிரிச்சுக்கிட்டே சொல்லுறான். யாராச்சும் வரலைன்னு எழுதிக் குடுத்தா அந்த சீட்டு ஒடனே எனக்குத்தானாம்."

அந்த நிமிசத்தில்தான் அவளுக்கு அது வந்தது. ஆசை. நல்ல வேளை, வாளி கையில் இருந்தது, குனிந்து முகத்தை மறைத்துக்கொள்ள முடிந்தது. பசியைப் போல வெட்கமில்லாத ஒன்று அது. சேலையைச் செருகிக்கொண்டு அந்தப் படியில் கால் வைக்க வேண்டும், என் பெயரை அவர்கள் படித்துக் கூப்பிட வேண்டும், நான்தான் என்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் இது எங்கே ஒளிந்துகொண்டிருந்தது?

அதன் பிறகு அவர் பெட்டி அறையில், அவள் முன்கூடத்தில். மூன்று வேளையும் சோறு கொண்டுபோய் வைத்தாள். ஒவ்வொரு முறையும் அவரைப் பார்க்கும்போது அவளுக்குள் ஏளனம் சுரந்தது. அதில் ஒரு சுகம் இருப்பதையும் கவனித்தாள். பதினெட்டு வருசமாக இந்த மனிதரை மதிப்பதாக நடித்த களைப்பு, ஒரே மூச்சில் இறங்குகிறது போலிருந்தது. ஆனால் ஏளனம் செய்ய இவ்வளவு வசதியாக ஒரு மனிதர் கிடைத்துவிட்டால், தான் செய்ய வேண்டியதைச் செய்யாமலே இருந்துவிடலாமோ என்றும் ஒரு பயம் வந்தது. இப்படி உள்ளுக்குள்ளேயே சிரித்துச் சிரித்துத்தானே இத்தனை நாளும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

வகுப்பு முடிகிற நேரத்தில் பொன்னுத்தாயி பின்வாசல் வழியாக வந்தாள். அவருடைய தங்கை. அவர் திரும்பி வந்தது தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவருக்குச் சீட் கிடைத்துவிட்டதாகப் போஸ்டாபீசில் தந்தி வந்திருக்கிறதா என்று கேட்டு வருவது அவள் வேலை.

"இன்னைக்கும் ஒண்ணும் இல்ல மதினி" என்றாள் அடுப்படியில் உட்கார்ந்து. "அங்க இருக்கிற ஆளு என்னயப் பாத்து இளிக்கிறான். பம்பாய்ல மாப்ள பாத்திருக்கீகளாக்கா, தெனமும் வந்து நிக்கிறீகன்னு கேக்குறான். கட்டையில போறவன்."

வீரலட்சுமி மோர் கலந்து கொடுத்தாள்.

"அத்தன பேரு ஏறுற பிளேனுல ஒருத்தனுக்குக் காய்ச்ச வராதா? ஒருத்தனுக்கு வயித்தால போகாதா? ஊருல இல்லாத சீக்கெல்லாம் இருக்கு, இந்த வாரம் பாத்து எல்லாவனும் கல்லு மாதிரி இருக்கான்." பொன்னுத்தாயி மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே கையில் உருட்டினாள். "ஒங்களுக்கே வரலாம்ல மதினி?"

"எனக்கு எதுக்கு வருது?"

"வர வேணாம். வந்ததா எழுதிக் குடுத்தாப் போதும்னு அண்ணன் சொல்லுது. இன்னைக்கு எழுதுனாக்க நாளைக்கு மொத பஸ்ஸுல எங்க வீட்டுக்காரரு கொண்டு போயிருவாக."

வீரலட்சுமி மோர்ச் சட்டியை மூடி வைத்தாள்.

"கோவிச்சுக்கிராதீக. நீங்க யாரு வீட்டுலயும் சொல்லிக்கல. போகலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணன் அப்பிடியா? எங்க மாமியா திருநூறு பூசிவிட்டது. அது கைராசிய அந்தக் கெழவி தெருத்தெருவாப் பேசிக்கிட்டுத் திரியுது. நாளைக்கு நான் அந்த வீட்டுல எப்பிடிக் குப்ப கொட்டுறது?" சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. அது நிஜமான கண்ணீர் என்பதில் வீரலட்சுமிக்குச் சந்தேகமில்லை. இந்தக் குடும்பத்தில் எல்லோருடைய கண்ணீரும் நிஜம்தான். அது எப்போதும் அவள் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் வரும்.

"அண்ணன் ஒங்களக் கூப்புடுது" என்றாள் பொன்னுத்தாயி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

பெட்டி அறையில் இருட்டாக இருந்தது. மரத்தூளும் எண்ணெயும் கலந்த வாடை. முத்துராமலிங்கம் ஒரு பெட்டியின் மேல் முழு உடுப்பில் உட்கார்ந்திருந்தார். தந்தி வந்தால் அப்படியே எழுந்து கிளம்ப வேண்டுமே என்று பேண்டையும் முழுக்கை டெரிலின் சட்டையையும் அவர் கழற்றவே இல்லை. பேண்டின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டிருந்தார். அதைப் பார்த்ததும் 'பாவம்' என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினாள்.

"பொன்னு சொல்லிருக்கும்" என்றார். "எல்லாம் எழுதி வச்சிருக்கேன். கையெழுத்து மட்டும் போட்டுரு."

காகிதத்தை நீட்டினார். அவருடைய ரசீது எழுத்து, வளைவு வளைவாக, அழகாக இருந்தது.

"இருட்டா இருக்கு" என்றாள். போய் ஜன்னலின் கட்டையை எடுத்தாள்.

"ஏத்தா, என்ன செய்யிற? சந்துல ஆளு வரும்—"

ஜன்னல் திறந்ததும் வெயில் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. அதே நேரத்தில் வகுப்பு முடிந்த பிள்ளைகள் சந்துக்குள் திரும்பினார்கள். அவர் பெட்டியிலிருந்து சறுக்கி, ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராகக் குந்திக்கொண்டார். எங்கோ தையல் விடுகிற சத்தம் கேட்டது. எங்கே என்று தைத்தவளுக்குத் தெரியும்.

"வாரோம் டீச்சர்!" என்றாள் அழகி வெளியே இருந்து. "எலி செத்துருச்சா?"

"இன்னும் இல்ல. போ, வெயில்ல நிக்காத."

வெளிச்சத்தில் காகிதத்தைப் படித்தாள். மதிப்புக்குரிய ஐயா என்று தொடங்கியது. சில நாட்களாக எனக்குக் கடுமையான காய்ச்சலும் தலைச்சுற்றலும் இருப்பதால், என்று போயிற்று. எழுந்து நடமாட முடியாத நிலையில், என்று போயிற்று. அவள் உடம்பைப் பற்றி இந்த மனிதர் இவ்வளவு அக்கறையாக ஒரு வரி எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். தாளை நான்காக மடித்தாள்.

"போடு லச்சுமி" என்றது கீழேயிருந்து குரல், மிகவும் தணிந்து. அவ்வளவு தணிந்த குரலில் அவர் அவளிடம் பேசியதே இல்லை. "ஒன்னயக் கும்புட்டுக் கேக்குறேன். பேனா இந்தா."

ஜன்னல் விளிம்புக்கு மேலே தலை தெரிந்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் உயர்த்தினார். டெரிலின் சட்டைக் கையும், அதற்கு மேலே விரல்களும், விரல்களுக்கு நடுவே மூடி கழற்றிய பேனாவும் வெயிலுக்குள் நின்றன.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே" என்றாள் வீரலட்சுமி.

கை கீழே இறங்கவில்லை. சந்தில் பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் முக்கு திரும்பித் தேய்ந்தது. பேனாவிலிருந்து ஒரு மைத்துளி மெல்ல வழிந்து, விரலைத் தாண்டி, மணிக்கட்டில் வெள்ளைச் சட்டையின் ஓரத்தைத் தொட்டதும் சட்டென்று நாலாபக்கமும் பரவியது.